மூன்றாம் வரிக்கு ஆட்சேபணை

ஜூன் 3, செவ்வாய்

டம்மி வரிகளை அழிக்காமல் ஏன் அனுப்பினேன்? தெரியவில்லை. யாராவது கேட்டால் அவசரத்தில் நடந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அன்று கல்லூரிக்கு விடுமுறை. எனக்கு ஒரு அவசரமும் இருக்கவில்லை.

முதலிலிருந்து எழுதிவைப்பது நல்லது. கணிதத் துறையில் இருபத்து நாலு வருடமாகப் பாடம் எடுக்கும், நாற்பத்தொன்பது வயதான ஒருத்தி மெட்டுப் போடுகிறாள் என்பது பாளையங்கோட்டையில் அதிகம் பேருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கீபோர்டில் வாசித்து, பாடி, கைபேசியில் பதிந்துவைப்பேன். மெட்டு மறக்காமலிருக்க வாயில் வந்த வார்த்தைகளைப் போட்டுப் பாடிவைப்பது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது. அதைத்தான் டம்மி என்பார்கள். அதற்கு அர்த்தம் இருக்க வேண்டியதில்லை, சந்தம் நின்றால் போதும். பிறகு அந்தச் சந்தத்துக்கு ஒழுங்கான வரிகளை எழுதிவிட்டு டம்மியைத் தூக்கிப் போட்டுவிடுவோம்.

மார்ச்சில் சென்னையிலுள்ள ஒரு பாடல் வெளியீட்டு நிறுவனத்துக்கு மூன்று மெட்டுகள் அனுப்பினேன். புதியவர்களின் பாடல்களைப் பதிவு செய்து சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் உரிமம் கொடுப்பது அவர்கள் வேலை. முதல் இரண்டையும் ஒழுங்கான வரிகளோடு பாடி அனுப்பினேன். மூன்றாவதற்கு டம்மி ஒலிப்பதிவு. ஒழுங்கான வரிகள் தனித் தாளில்.

இன்று மதியம் பிரகதீஷ் அழைத்தார். உரிமங்களைக் கவனிப்பவர் அவர்தான்.

“மேடம், வாழ்த்துகள். டெய்லி சீரியலுக்கு டைட்டில் சாங். உங்க மூணாவது ட்யூன். ரெக்கார்டிங்கே முடிஞ்சிடுச்சு.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே?”

“பத்துல ஒம்போது கேன்சல் ஆயிடும் மேடம். சொல்லிட்டு இல்லேன்னா நீங்க வருத்தப்படுவீங்க. இப்ப சேனல் அப்ரூவ் பண்ணியாச்சு. முப்பதாம் தேதிலேர்ந்து தினமும் ஏழு மணி.”

பாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். புல்லாங்குழல், வயலின்கள், நல்ல பயிற்சியுள்ள ஒரு பெண்குரல். அந்தக் குரல் உருகி உருகிப் பாடியது இதைத்தான்:

தொட்டி நெறஞ்சு வழியுது, மோட்டார நிறுத்த ஆளில்ல
ரெண்டு பாக்கெட்டு பாலு வருது, ஒண்ணக் குடிக்க ஆளில்ல
சாவிய எடுத்துப் போனவுக, வாசல மறந்து போனாகளோ

நான் திரும்ப அழைத்தேன். “பிரகதீஷ், இது டம்மி.”

“தெரியும் மேடம்.”

“தாள்ல வரி அனுப்பியிருந்தேனே.”

“டைரக்டர் படிச்சார் மேடம். நல்லாருக்குன்னார். ஆனா இந்தப் பாட்டு ஏற்கெனவே நம்மகிட்ட நாப்பது இருக்குன்னுட்டார்.”

தாளை எடுத்துப் பார்த்தேன். ஒரு நிலா, இரண்டு தென்றல், நாலு இடத்தில் கண்ணீர்.

தொடரின் பெயரை வெளியாகும்வரை எங்கும் எழுதக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி வருமாம். நாட்குறிப்புக்கும் அது பொருந்துமா என்று நான் கேட்கவில்லை. பொருந்தும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 4, புதன்

காலையில் தொட்டி வழிந்தது. பக்கத்து வீட்டு வடிவக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

“டீச்சர், ஒங்க வீட்டுத் தண்ணி எங்க வீட்டுக் கோலத்த அழிச்சிட்டு. சாரு எப்ப வருவாவ?”

மாமிக்குக் குணமானதும் வருவார் என்றேன்.

“எட்டு மாசமாவா ஒரு இடுப்பு ஆறல?” என்றார் வடிவக்கா.

என் கணவர் எட்வின் நில அளவைத் துறையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். போன அக்டோபரில் அவர் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால் நாசரேத்துக்குப் போனார். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். இரண்டு வாரம் என்று சொல்லிப் போனார். வயதானவர்களுக்கு எலும்பு கூடத் தாமதமாகும்.

வீட்டில் மற்றபடி ஒரு குறையும் இல்லை. சொட்டிக்கொண்டிருந்த அடுப்படிக் குழாய்கூட ஏப்ரலில் தானாக நின்றுவிட்டது. குழாய் தானாக நிற்குமா என்பது எனக்குத் தெரியாது. நான் பிளம்பர் இல்லை.

ஜூன் 7, சனி

வரிகளை மாற்ற முடியுமா என்று கேட்டேன். முடியாது. சேனல் ஒப்புக்கொண்ட பதிவில் ஒரு சொல்லைத் தொட்டாலும் மறுபடியும் எட்டுப் பேர் கேட்டுத் தலையாட்ட வேண்டுமாம். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் ஊரில் இருப்பதில்லையாம்.

“பிடிக்கலேன்னா வித்ட்ரா பண்ணிக்கலாம் மேடம். இன்னொருத்தர் பாட்டு ரெடியா இருக்கு. உங்க முடிவுதான்.”

இருபத்திரண்டு வருடத்தில் நூற்றுப் பதினேழு பாட்டு எழுதியிருக்கிறேன். ஒன்றுகூட இந்த வீட்டைத் தாண்டியதில்லை. இப்போது தாண்டுவது இதுதான் என்றால், இதுதான்.

டைரக்டரின் கருத்தை யோசித்துக்கொண்டிருந்தேன். போன செப்டம்பரில் வேறொருவரும் ஏறக்குறைய அதையே சொன்னார். ஒரு பாட்டைப் பாடிக் காட்டினேன். கேட்டுவிட்டு, “யாரோ எழுதின மாதிரி இருக்கு” என்றார். அப்போது அதை நான் விமரிசனமாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு யாருக்கும் பாடிக் காட்டவும் இல்லை.

ஜூன் 11, புதன்

உரிமப் படிவம் வந்தது. பதினாலு கேள்விகள். பாடலின் பெயர், இயற்றியவர், இசையமைத்தவர், முன்பு எங்காவது வெளியானதா, பிறர் பாடலின் சாயல் உண்டா. பதின்மூன்றுக்கு இருபது நிமிடத்தில் பதில் எழுதிவிட்டேன்.

பதினோராவது: பாடல் வரிகளில் உயிருடனிருக்கும் நபர் எவரேனும் சுட்டப்படுகிறாரா? ஆம் எனில் அவரது தடையில்லாக் கடிதத்தை இணைக்கவும்.

பிரகதீஷிடம் கேட்டேன்.

“அது புதுசா சேத்தது மேடம். போன வருஷம் ஒரு பாட்டுல ஒரு டீக்கடைக்காரரைப் பத்தி வந்துச்சு. அவர் கோர்ட்டுக்குப் போயிட்டார்.”

“பேரு போட்டிருந்ததா?”

“பேரு இல்ல மேடம். முக்குக்கடை, டீ தண்ணியா இருக்கும்னு இருந்துச்சு. அந்த முக்குல ஒரே கடைதான். நீங்க இல்லேன்னு டிக் போட்டு அனுப்பிடுங்க. எல்லாரும் அப்படித்தான் போடறாங்க.”

“அது பொய்யாயிரும்.”

“பாட்டே பொய்தானே மேடம்?”

அவருக்கு முப்பது வயது இருக்கும்.

படிவத்தின் அடியில் ‘மேற்கண்டவை அனைத்தும் உண்மை’ என்று கையெழுத்திட வேண்டும். இருபத்தேழாம் தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் இன்னொருவர் பாட்டு.

ஜூன் 12, வியாழன்

இன்று முழுவதும் பதினோராம் கேள்வி.

என் வரிகளில் ஆள் இல்லை என்றுதான் இருக்கிறது. இல்லாத ஆளை ஒரு வரி எப்படிச் சுட்டும்? வெற்றுக் கணத்தைப் பற்றி வருடாவருடம் முதலாண்டு மாணவிகளுக்குச் சொல்கிறேன்: அதில் உறுப்பு எதுவும் கிடையாது. ஆகவே பதில் ‘இல்லை’. இந்த வாதத்தில் மதியம்வரை திருப்தியாக இருந்தேன்.

ஆனால் மூன்றாம் வரியில் சாவியை எடுத்துப் போனது யார்? வெற்றுக் கணம் சாவியை எடுத்துப் போகாது. எங்கள் வீட்டில் ஒரே மாற்றுச்சாவிதான். முக்குக்கடை மாதிரி.

ஜூன் 14, சனி

கோர்ட்டுக்கு எதிரே உள்ள நோட்டரி வக்கீலிடம் போனேன். வயதானவர். படிவத்தை இரண்டு முறை படித்தார், வரிகளை மூன்று முறை.

“ஆளு உயிரோட இருக்காரா?”

“இருக்கார்.”

“உங்களுக்கு யாரு?”

“கணவர்.”

“டைவர்ஸ் கேஸா?”

“இல்ல. அவங்க அம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைஞ்சிருக்கு. நாசரேத்துல இருக்கார்.”

“நாசரேத்து என்ன அமெரிக்காவாம்மா? பஸ் ஏறிப் போயி கையெழுத்து வாங்கிட்டு வாங்க. இதுக்குப் போயி வக்கீலத் தேடி வருவாகளா?” படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, “தண்ணித் தொட்டிக்கு ஆட்டோமேட்டிக் ஸ்விட்ச் இப்ப மலிவா வருது” என்றார்.

ஜூன் 16, திங்கள்

எட்வினுக்குக் கடிதம் எழுதினேன். தொலைபேசியில் பேசியிருக்கலாம். ஆனால் இது ஆவணம் சம்பந்தப்பட்டது. ஆவணத்தை ஆவணமாகவே கேட்பதுதான் முறை.

‘பொருள்: பாடல் வரியில் தாங்கள் சுட்டப்படுதல், தடையில்லாக் கடிதம் கோருதல்’ என்று தொடங்கி மூன்று வரிகளையும் எண்ணிட்டு எழுதினேன். அவை டம்மி என்பதையும், எந்த உள்நோக்கமும் இல்லை என்பதையும் ஒரு பத்தியில் தெளிவுபடுத்தினேன். விளிப்பு என்ன போடுவது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, விளிப்பே இல்லாமல் விட்டுவிட்டேன். கடைசியில் மாமியின் உடல்நலத்தை விசாரித்தேன்.

பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்.

ஜூன் 18, புதன்

ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. கையெழுத்து மாமியுடையது. உறுதியான கையெழுத்து.

ஜூன் 21, சனி

பதில் வந்துவிட்டது. அரைத்தாளில், நில அளவைத் துறையில் அவர் முப்பது வருடம் எழுதிய அதே நடையில். அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

‘வரி ஒன்று: தொட்டி வழிவதற்குக் காரணம் ஆள் இல்லாதது அல்ல, மிதவை வால்வின் பழுது. புதிய வால்வு பரணில் ஷூ பெட்டிக்குள் உள்ளது. எனினும் ஆட்சேபணை இல்லை.

வரி இரண்டு: நான் பால் குடிப்பதில்லை, கடுங்காப்பிதான் என்பது தாங்கள் அறிந்ததே. இரண்டாவது பாக்கெட் ஏன் வாங்கப்படுகிறது என்பது விளங்கவில்லை. ஆட்சேபணை இல்லை.

வரி மூன்று: உண்மைக்கு மாறானது. டிசம்பர் 12, பிப்ரவரி 6, ஏப்ரல் 9 ஆகிய நாள்களில் மேற்படி வாசலுக்கு வந்துள்ளேன். தாங்கள் கல்லூரிக்குச் சென்றிருந்தீர்கள். ஏப்ரல் 9 அன்று அடுப்படிக் குழாய்க்கு வாஷர் மாற்றப்பட்டது. இவ்வரிக்கு ஆட்சேபணை உண்டு.’

மூன்று தேதிகளையும் நாள்காட்டியில் பார்த்தேன். வியாழன், வியாழன், புதன். மூன்றும் வேலை நாள். என் கால அட்டவணை பிரிட்ஜ் கதவில்தான் ஒட்டியிருக்கிறது. நான் இல்லாத நேரம் பார்த்தே வந்திருக்கிறார் என்று தோன்றலாம். ஆனால் ஒருவர் தற்செயலாக மூன்று நாள்களைத் தேர்ந்தால், மூன்றுமே வேலை நாளாக அமைவதற்கான நிகழ்தகவு 0.36. ஒன்றையும் நிரூபிக்க அது போதாது. இருந்தாலும் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

இரண்டாவது பாக்கெட் தயிருக்கு. அவர் தயிர் இல்லாமல் சாப்பிட மாட்டார். சந்தத்துக்கு ‘குடிக்க’ என்று வந்தது, அவ்வளவுதான். அவர் இல்லாதபோது எதற்கு இன்னும் தயிருக்கு வாங்குகிறேன் என்பது வேறு கேள்வி. அதைப் படிவத்தில் யாரும் கேட்கவில்லை.

மாலையில் அடுப்படிக் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தேன். நல்ல வாஷர்.

ஜூன் 23, திங்கள்

ஆறு நாளில் பாட்டு கைவிட்டுப் போய்விடும். இல்லை, நாலு நாள். ஆறு என்று எழுதியது தவறு. ஆகவே தொலைபேசியில் கூப்பிட்டேன். மாமிதான் எடுத்தார்.

“ஏளா ஹெப்சி, ரெஜிஸ்டர் தபாலாவா அனுப்புவ? நான் கோர்ட்டு நோட்டீஸுன்னுல்லா பயந்துட்டேன். ஜெபம் பண்ணிட்டுத்தான் கையெழுத்தே போட்டேன்.”

“உடம்பு எப்படி இருக்கு மாமி?”

“எனக்கென்ன, நல்லா இருக்கேன். சங்கத்துப் பொம்பளையளோட மணப்பாடு போயிட்டு நேத்துதான் வந்தேன். கடல்ல எறங்கிக் காலு நனச்சோம்.”

நான் ஏதோ சொன்னேன், என்னவென்று நினைவில்லை. அதற்குள் எட்வின் கைபேசியை வாங்கிவிட்டார்.

“சொல்லு.”

“லெட்டர் வந்துது. மூணாவது வரியையும் சேனல்ல ஒத்துக்கிட்டாங்க. இனிமே மாத்த முடியாது.”

“பொய்யின்னு தெரிஞ்சே கையெழுத்துப் போடப் போறியா? நீயா?”

“எழுதும்போது தெரியாதே. நீங்க வந்துட்டுப் போனத நீங்க எங்க சொன்னீங்க?”

நான் தொடர்ந்தேன். “அதுவும் போக, அது ஒரு கேள்விதான். கேள்வியில பொய் எப்படி வரும்?”

“கேள்வின்னா எங்கிட்டல்லா கேட்டிருக்கணும். எவளோ ஒரு பாட்டுக்காரியவிட்டு ஊருக்கெல்லாம் கேக்கச் சொல்லுவியா?”

பின்னாலிருந்து மாமியின் குரல் கேட்டது: “அங்கயே இருங்கன்னு சொன்னவ அவதான? இப்ப என்னத்துக்குக் கேள்வி கேக்கா?”

நான் அப்படிச் சொன்னதாக நினைவில்லை. சொன்னேன். நவம்பர் இரண்டாம் வாரம், தொலைபேசியில். பேச்சு, செப்டம்பரில் அவருக்குப் பாடிக் காட்டிய பாட்டைப் பற்றியது.

எட்வின், “பாட்டு எப்படி வந்திருக்கு?” என்று கேட்டார்.

“நல்லா பாடியிருக்கா.”

“அத அனுப்பினா நானும் கேப்பேன். நீ தாள்லதான எழுதி அனுப்பிருக்க. தாளப் பாத்து என்னத்தக் கேக்க?”

வெளியாகும்முன் ஒலிப்பதிவை யாருக்கும் கொடுக்கக் கூடாது, ஒப்பந்தத்தில் விதி இருக்கிறது என்றேன்.

“சரி. விதின்னா விதிதான்” என்றார். அவர் கேலி செய்கிறாரா என்று குரலை வைத்துச் சொல்வது எப்போதுமே கடினம். யோசித்துச் சொல்வதாகக் கூறி வைத்துவிட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

பிரகதீஷ் இரண்டு முறை கேட்டார். வரும் என்றேன். என்ன அடிப்படையில் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூன் 25, புதன்

உள்தேர்வு விடைத்தாள் அறுபத்திரண்டு. கூடவே விலகல் கடிதம் ஒன்றும் எழுதி வைத்தேன். நாளை மறுநாள் மதியம்வரை ஒன்றும் வரவில்லை என்றால் அனுப்ப. ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்று எழுதியதை அடித்துவிட்டு, ‘ஒரு வரியின் உண்மைத்தன்மை குறித்த ஐயத்தால்’ என்று திருத்தினேன். அதுவும் சரியாக இல்லை.

பரணிலிருந்து ஷூ பெட்டியை எடுத்தேன். வால்வு இருக்கிறது. அதை எப்படி மாட்டுவது என்பது அதில் இல்லை.

ஜூன் 26, வியாழன்

கல்லூரியிலிருந்து வந்தால் வாசலில் மாமி. கையில் துணிப்பை, முருங்கைக்காய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கம்பு இல்லை. எங்கள் வீடு மாடியில். படி பதினெட்டையும் எனக்கு முன்னால் ஏறினார்.

“மாமி, இடுப்பு?”

“அது ஈஸ்டருக்கு முன்னாலயே சரியாப் போச்சு.”

நான் கதவைத் திறந்தேன். மாமி நாற்காலியில் உட்கார்ந்து பைக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்தார்.

“இந்தா, ஒன் கடுதாசி. நாளைக்குக் கடைசி நாளாமே. அவன் நாளைக்குக் காலையில நானே கொண்டு குடுக்கேன்னான். சட்டைய எல்லாம் தேச்சு வச்சிருந்தான். அவன நம்பி ஒரு காரியத்த விட முடியுமா? பஸ்ஸு கிடைக்கலன்னா ஒன் பாட்டு என்னத்துக்கு ஆகும்? அதான் அவன் கடைக்குப் போயிருந்த நேரமாப் பாத்து எடுத்துட்டு வந்துட்டேன்.”

“அவங்களுக்குத் தெரியாதா?”

“இப்ப தெரிஞ்சிருக்கும்.”

மாமிக்குக் காப்பி போட்டேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். மாமி பிரிட்ஜைத் திறந்து தானே மோர் கரைத்துக்கொண்டார்.

“இவ்ளோ தயிரு யாருக்குளா?”

“தயிருக்கும் சேத்துதான் ரெண்டு பாக்கெட் வாங்கறது.”

“ஓ, பாட்டுல வருதே, அதுவா.” மாமி டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஆமா, கேக்கணும்னு இருந்தேன். இந்தப் பாட்டுல நான் எங்கனயும் வரலியே? என் இடுப்பாலதான இம்புட்டும்.”

மாமி ஐந்து மணி பஸ்ஸுக்குப் போன பிறகுதான் உறையைப் பிரித்தேன். மூன்று வரிகளுக்கும் மறுபடி எண்ணிட்டிருந்தார். கடைசியில்:

‘வரி மூன்று: கேள்வியாக அமைந்துள்ளதால் ஆட்சேபணை திரும்பப் பெறப்படுகிறது. பதில் தனியே.’

உறையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பார்த்தேன். தாளின் பின்பக்கமும் பார்த்தேன். தனியே ஒன்றும் இல்லை.

ஜூன் 27, வெள்ளி

காலை ஒன்பது மணிக்கு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பினேன். பதினோராம் கேள்விக்கு ‘ஆம்’. மூல ஆவணம் கூரியரில். பதினொன்றரைக்கு பிரகதீஷ் அழைத்தார்.

“மேடம், எல்லாம் ஓகே. உங்க ஹஸ்பெண்ட் லெட்டரை லீகல்ல படிச்சிட்டு ஒரே ஒரு டவுட் கேக்கறாங்க.”

“என்ன?”

“அந்த வால்வ மாட்டியாச்சான்னு.”

மாட்டவில்லை என்றேன்.

ஜூன் 29, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் போதகரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, நாளை ஏழு மணிக்கு எல்லாரும் பார்ப்போம் என்றார். எல்லாரும் என்றால் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. எழுதத்தான் கூடாது என்று வடிவக்காவிடம் வாயால் சொன்னேன், அவர் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். கல்லூரி முதல்வர் ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் பூங்கொத்துப் படம் போட்டிருக்கிறார். மூன்று வரிகளையும் தெரிந்தவர்கள் இந்த ஊரில் நானும் ஒரு நோட்டரியும் மட்டுமே. நாளை இந்நேரம் மாவட்டத்துக்கே தெரிந்திருக்கும்.

என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். வடிவக்கா முதல் வரியிலேயே தன் கோலத்தைக் கண்டுகொள்வார். மாணவிகள் இரண்டாம் வரியைச் செவ்வாய்க்கிழமை வகுப்பில் மெல்ல முனகுவார்கள். நான் காதில் விழாதது போல் கரும்பலகையில் எழுதுவேன். மூன்றாம் வரிக்குப் பிறகு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பார்க்க மட்டும் செய்வார்கள். அதுதான் சிரமம்.

எட்வின் வெள்ளிக்கிழமையும் நேற்றும் அழைக்கவில்லை. இன்று ஒரு குறுஞ்செய்தி: ‘நாளை 7 மணிதானே? பார்க்கிறோம்.’ ‘ஆம்’ என்று பதில் அனுப்பினேன். அதற்கு முன் வேறு இரண்டு பதில் எழுதி அழித்தேன்.

நான் பார்க்கப் போவதில்லை. ஏழு மணிக்கு விடைத்தாள் திருத்துவேன்.

ஜூன் 30, திங்கள்

நடந்தது இது.

ஆறரைக்கே வடிவக்கா தட்டில் அதிரசத்தோடு வந்து என் வீட்டுத் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டார். ஏழு மணிக்கு சோப்பு விளம்பரம், நகை விளம்பரம், மறுபடி சோப்பு. ஏழு நாலுக்குத் தொடர் ஆரம்பித்தது. புல்லாங்குழல் எழுந்தது. வயலின்கள் கூடின. பாடகி வாயைத் திறக்கும் இடம் எனக்குத் தெரியும், நான் அதிரசத்தைக் கீழே வைத்தேன். அந்த இடத்தில் ஒரு கார் புளியமரத்தில் மோதியது. கதாநாயகியின் அப்பா ரத்தத்தோடு இறங்கினார். தொடர் தொடங்கிவிட்டது.

“டீச்சர், பாட்டு எங்க?”

“இதுதான்.”

“இதுல பீப்பிதான ஊதுனான்?”

திரையில் என் பெயர் வந்தது. அதன் மேல் சோப்பின் படம் நகர்ந்துபோனது.

ஏழு முப்பத்தைந்துக்கு பிரகதீஷ். “மேடம், மன்னிச்சுக்கோங்க. எபிசோட் நீளமாயிடுச்சுன்னு டைட்டிலை வெட்டிட்டாங்க. இனிமே தினமும் மியூசிக் மட்டும்தான். ஆனா வரிகள் கண்டிப்பா வரும் மேடம், சோகமான கட்டத்துல முழுசாப் போடறேன்னு டைரக்டர் சொல்லிருக்கார்.”

“எப்ப?”

“ஹீரோயினுக்கு முதல்ல கல்யாணம் ஆகணும். அப்புறம் புருஷன் விட்டுட்டுப் போகணும். ஒரு இருநூறு எபிசோட் ஆகும் மேடம்.”

வடிவக்கா மீதி அதிரசத்தை மூடிவைத்துவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை.

ஏழு ஐம்பதுக்கு எட்வின் அழைத்தார்.

“வரி வரலியே.”

“வெட்டிட்டாங்க.”

“மூணையுமா?”

“மூணையும்.”

“அப்ப நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது?”

“ஃபைல்ல இருக்கும்.”

அவர் தொண்டையைச் செருமினார். “அன்னைக்கு நானே கொண்டு வாரதா இருந்தேன். அம்மா தூக்கிட்டு வந்துட்டா.”

“மாமி சொன்னாங்க.”

“சட்டைகூட தேச்சு வச்சிருந்தேன்.”

“அதையும் சொன்னாங்க.”

மறுபடி செருமல். பிறகு, “சரி. நீ பாடு” என்றார்.

“இப்பவா?”

“எட்டு மாசமா வேற எப்பக் கேட்டேன்?”

விதி நினைவுக்கு வந்தது. பாட்டு வெளியாகிவிட்டதா, இல்லை புல்லாங்குழல் மட்டும்தான் வெளியானதா என்பது சட்டப்படி விவாதத்துக்குரியது. நான் விவாதிக்கவில்லை.

பாடினேன். முதல் வரியில் சுருதி கொஞ்சம் இறங்கிவிட்டது. இரண்டாம் வரியின் நடுவே மாமி, “அது தயிருக்குடா” என்று அவருக்கு விளக்கம் சொல்வது கேட்டது. மூன்றாம் வரியை யாரோ ஒரு பெண்ணைப்போல இல்லாமல் என் குரலிலேயே, அவரிடமே கேட்டேன். இந்த முறை மாமி விளக்கம் சொல்லவில்லை.

பிறகு எட்வின் பதில் சொன்னார். அந்தப் பதிலை எழுதுவதற்கு அவரிடம் தடையில்லாக் கடிதம் வாங்கவில்லை. ஆகவே இங்கே எழுதவில்லை.